பூசணிக்காய் இனிக்கிறது, சொதசொதவென்று ஆகிறது, என்ன செய்ய? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பூசணியைப் பற்றிப் பேசுகிறீர்கள்? வெள்ளையா மஞ்சளா?

மஞ்சள். பரங்கிக்காய், அரசாணிக்காய், சர்க்கரைப் பூசணி என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறதே, அதுவும் அதன் நெருங்கிய சொந்தங்களான பட்டர்நட், கபோச்சா, ஏக்கார்ன் வகைகளும். வெண்பூசணி வேறு இனம், சுவையும் வேறு, அதை இங்கே தொடப் போவதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து ஆங்கிலத்தில் ‘விண்டர் ஸ்க்வாஷ்’ என்பார்கள். பெயரைப் பார்த்துக் குளிர்காலத்தில் விளைவது என்று நினைத்துவிடுகிறார்கள், அப்படியில்லை. வெயில் காலத்தில்தான் விளையும், கொடியிலேயே முற்றவிட்டுத் தோல் கெட்டியானதும் பறிப்பார்கள், அதனால் குளிர்காலம் வரைக்கும் கெடாமல் கிடக்கும், அவ்வளவுதான். வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினி போன்றவை பிஞ்சிலேயே பறிக்கப்படுபவை. கடையில் கிடைக்கும் முற்றிய வகைகள் பெரும்பாலும் மாக்சிமா, மொஸ்காட்டா, பெப்போ என்ற 3 இனங்களுக்குள் அடங்கும். கபோச்சாவும் ஹபர்ட்டும் மாக்சிமா, பட்டர்நட் மொஸ்காட்டா, ஏக்கார்னும் ஸ்பகெட்டி ஸ்க்வாஷும் பெப்போ.

உப்பு உறைப்பாக எதைச் செய்தாலும் கடைசியில் இனிப்பான கூழாகத்தான் வருகிறது. பூசணியே இனிப்புப் பண்டத்துக்குத்தான் லாயக்கா?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். இனிப்பின் மேல்தான் எல்லோரும் பழி போடுகிறார்கள், உண்மையில் வில்லன் தண்ணீர். பச்சைப் பூசணியில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். அதை வெளியேற்றாமல் மசாலாவைக் கொட்டினால் காரமும் உப்பும் அந்தத் தண்ணீரில் கரைந்து நிற்கும், காய் தனியாக இனித்துக்கொண்டு கிடக்கும், வாயில் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. தண்ணீரை விரட்டிவிட்டால் அதே இனிப்பு அடர்ந்து, ஓரம் கறுத்து, வறுத்த வெங்காயத்தில் வருமே ஒரு ருசி, அந்தப் பக்கம் போய்விடும். அதற்குப் பிறகு மிளகாயும் புளிப்பும் அதோடு மல்லுக்கு நிற்கலாம், ருசி அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. முதலில் காயை உலர்த்து. அப்புறம் இனிப்புக்கு எதிராக ஒன்றை நிறுத்து. உலர்த்துவது என்றால் ஓவனில் சுடலாம், அகலமான வாணலியில் மூடாமல் வதக்கலாம், துருவிச் செய்வதானால் உப்புப் போட்டு 15 நிமிடம் வைத்துவிட்டு ஒரு துணியில் கட்டிப் பிழியலாம். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு தடவை பிழிந்து பாருங்கள், நான் முதன்முதலில் பிழிந்தபோது கிண்ணத்தில் தேங்கியதைப் பார்த்து, இத்தனை நாளும் இதையா அடையில் போட்டு ‘ஏன் வேகவே மாட்டேன் என்கிறது’ என்று திட்டிக்கொண்டிருந்தோம் என்று ஆகிவிட்டது.

மூடி போட்டு வதக்காதீர்கள். ஆவி மேலே போய்த் திரும்ப அதற்குள்ளேயே சொட்டும், வதக்கல் என்று ஆரம்பித்தது அவியலாக முடியும்.

இனிப்புக்கு எதிராக என்றால் எதை?

புளிப்பு, காரம், உப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சியிலும் காளானிலும் பழுத்த சீஸிலும் இருக்கும் அந்த ஆழமான சுவை. இவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று போதாது. வெறும் மிளகாய் மட்டும் போட்டால் காரமான இனிப்பு ஆகும், அது குழந்தைகள் மிட்டாயில் தேடுவது.

எலுமிச்சையும் வறுத்த சீரகமும். பூண்டும் காய்ந்த மிளகாயும் கொஞ்சம் தயிரும். சோயா சாஸும் இஞ்சியும். சேஜ் என்ற வாசனை மூலிகையின் இலையை வெண்ணெயில் முறுகலாகப் பொரித்து மேலே உடைத்துத் தூவினால் அந்த இலேசான கசப்பு பிரமாதமாகச் சேரும், வெந்தயக் கீரைக்கும் அதே குணம். தேங்காய்ப்பால் ஊற்றினால் கவனம்: அதுவும் இனிப்பு, ஆகவே புளிப்பைக் கொஞ்சம் தாராளமாகவே விட வேண்டும். பட்டை, ஜாதிக்காய், ஏலக்காய் மூன்றையும் சேர்த்துப் போட்டால் மூக்குக்கு அது இனிப்புப் பண்டம்தான், நாக்கு மூக்கைத்தான் நம்பும். மிளகு, பூண்டு, மிளகாய் பக்கம் சாய்ந்துகொண்டு பட்டையை ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள்.

எந்த வகை எதற்கு?

சதை மாவாக, உலர்ந்து இருப்பது கபோச்சா. குழம்பில் போட்டாலும் உருக்குலையாது, வறுவலுக்கும் அருமை. பட்டர்நட் வழவழப்பாக மசியும், நார் குறைவு, சூப்புக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. கீற்றாக வெட்டி விற்கும் பெரிய பரங்கியில் தண்ணீர் அதிகம், அதை நிதானமாக வற்றவிடும் பொறுமை இருந்தால் மசியலுக்கு எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பருப்போடு சேர்த்து வேகவிடுங்கள், பருப்பு அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும். ஏக்கார்ன் சிறியது, பாதியாக வெட்டி உள்ளே எதையாவது நிரப்பிச் சுட வசதி, சுவை என்னவோ சுமார்தான்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பறித்த பிறகும் காய் சும்மா இருப்பதில்லை, உள்ளே இருக்கும் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பறித்துச் சில வாரம் கிடந்த கபோச்சா இனிப்பும் ஈரமும் கூடியிருக்கும், புதிதாகப் பறித்தது உலர்ந்த கிழங்கு மாதிரி இருக்கும். இனிப்புப் பிடிக்காதவர்கள் சீக்கிரமே சமைத்துவிடுவது நல்லது.

வெட்டவே பயமாக இருக்கிறது, கத்தி பாதியில் சிக்கிக்கொள்கிறது.

பயப்படுவது சரிதான், சமையலறையில் கை வெட்டிக்கொள்ள இதைவிட நல்ல காய் கிடையாது. உருண்டையாக உருளும், தோல் கடினம், உள்ளே போனதும் சடாரென்று மெத்தென்று ஆகும்.

முதலில் அடிப்பாகத்தில் ஒரு மெல்லிய வில்லையைச் சீவி எடுத்துத் தட்டையாக உட்காரவையுங்கள், ஆடாமல் நிற்க வேண்டும். வெட்டுப்பலகைக்கு அடியில் ஈரத்துணி. காம்பை வெட்ட முயல வேண்டாம், அது மரக்கட்டை, அதற்குப் பக்கத்தில் கத்தியின் நுனியைக் குத்தி இறக்கி, பிடியைக் கீழே அழுத்தி ஒரு பக்கம் பிளந்துகொண்டு வாருங்கள், பிறகு காயைத் திருப்பி மறுபக்கம். கத்தி சிக்கிக்கொண்டால் கத்தியை ஆட்டி இழுக்காதீர்கள். காயோடு சேர்த்துத் தூக்கிப் பலகையில் தட்டும் பழக்கமும் வேண்டாம், எனக்கு ஒருமுறை காய் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி நேரே காலில் வந்து விழுந்தது. ஒரு துணியை மடித்துக் கத்தியின் முதுகில் வைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் இறங்கிவிடும்.

அதுவும் முடியாவிட்டால், நாலைந்து இடத்தில் முள்கரண்டியால் குத்திவிட்டு மைக்ரோவேவில் 3, 4 நிமிடம் வையுங்கள். குத்தாமல் வைத்தால் ஆவி அடைத்துக்கொண்டு வெடிக்கும். வெளியே எடுத்ததும் தோல் இளகியிருக்கும், கத்தி மட்டுமில்லை, பீலரும் ஓடும். இன்னும் சோம்பலாக இருந்தால் பாதியாக மட்டும் வெட்டி, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து ஓவனில் வைத்துவிடுங்கள், வெந்ததும் கரண்டியால் சதையைச் சுரண்டிக்கொள்ளலாம், தோல் சீவும் வேலையே இல்லை. மசியலுக்கும் சூப்புக்கும் நான் இப்போதெல்லாம் இதைத்தான் செய்கிறேன்.

தோலைச் சாப்பிடலாமா?

கபோச்சா, டெலிகாட்டா, ரெட் குரி இவற்றின் தோல் வெந்ததும் மெல்லியதாகிவிடும், தாராளமாகச் சாப்பிடலாம். பட்டர்நட் தோல் நன்றாகச் சுட்டால் சாப்பிடலாம்தான், ஆனால் சூப்பில் அது வேண்டாம். பெரிய பரங்கியின் தோல் கெட்டி, சீவிவிடுங்கள்.

பட்டர்நட் வெட்டினால் கையில் தோல் இறுகி உரிகிற மாதிரி ஆகிறதே?

அது பச்சைக் காயிலிருந்து கசியும் பால். காற்றுப் பட்டதும் பிசின் மாதிரி காய்ந்து கையில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும், சிலருக்குத் தோல் சிவந்து உரிவதும் உண்டு. கையுறை போடுங்கள், இல்லையென்றால் வெட்டுவதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் (கத்திப் பிடியில் எண்ணெய் படாமல்). ஒட்டிக்கொண்ட பிறகு என்றால் முதலில் எண்ணெய் தேய்த்து அப்புறம் சோப்பு.

ஓவனில் சுட எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

200 முதல் 220 டிகிரி செல்சியஸ். 2 முதல் இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகள், 30 முதல் 40 நிமிடம், நடுவில் ஒரே ஒரு தடவை திருப்பிவிடலாம். 180இல் சுட்டால் வெந்துவிடும், முறுகாது.

நேரத்தைவிட இடைவெளிதான் முக்கியம். தட்டில் துண்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தட்டு நிறைய அள்ளிப் போட்டால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வேகும், எடுத்துப் பார்த்தால் எல்லாம் வெளிறிப்போய், தொட்டால் வழுக்கிக்கொண்டு. நிறைய இருந்தால் இரண்டு தட்டாகப் பிரியுங்கள். எண்ணெய் கஞ்சத்தனம் வேண்டாம், ஒவ்வொரு துண்டும் பளபளக்க வேண்டும். பூசணிக்கு அந்த நிறத்தைத் தருவது கரோட்டின் என்ற சத்து, அது கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பு அதை ஒழுங்காக எடுத்துக்கொள்ளும், ஆகவே எண்ணெய்க்கு மருத்துவக் காரணமும் கையில் இருக்கிறது.

பூண்டுப் பொடியும் மிளகாய்ப் பொடியும் 220 டிகிரியில் கருகிக் கசக்கும், கடைசிப் பத்து நிமிடத்தில் தூவுங்கள். வெந்துவிட்டதா என்று குத்திப் பார்ப்பது போதாது, தட்டில் படும் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே காபிப் பொடி நிறத்தில் ஒரு விளிம்பு வந்திருக்க வேண்டும், மேல்பக்கம் லேசாகச் சுருங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் வெந்த காய், பின்னால் எடுத்தால் சுட்ட காய்.

ஓவன் இல்லையென்றால்?

கனமான வாணலி போதும். நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் ஊற்றி, துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, 4 நிமிடம் தொடாமல் இருங்கள். கை பரபரக்கும், கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அடிப்பக்கம் நிறம் மாறியதும் புரட்டுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு நிறமே வராது. குக்கரைப் பொறுத்தவரை துண்டுகளுக்கு அது ஆகாது, ஒரு விசிலிலேயே குழைந்துவிடும், மசியலுக்கு என்றால் பரவாயில்லை.

முக்கால் மணி நேரம் கொதித்தும் ஒரு தடவை வேகவில்லை, தக்காளியோடு போட்டேன்.

உங்கள் காயில் குறையில்லை, தக்காளிதான். காய்கறியின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின், வேகும்போது அது கரைவதால்தான் காய் மெத்தென்று ஆகிறது. புளிப்பு இருந்தால் பெக்டின் பிடிவாதம் பிடிக்கும். டின்னில் வரும் தக்காளியில் துண்டுகள் உடையாமல் இருக்கப் பல நேரம் கால்சியம் உப்பும் சேர்த்திருப்பார்கள், அது இன்னும் இறுக்கும். ஆகவே காய் முக்கால்வாசி வெந்த பிறகே தக்காளி, புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம்.

இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். குழம்பில் துண்டு கரைந்துபோகக் கூடாது என்றால் பாதி வெந்ததும் புளிப்பை ஊற்றிவிடுங்கள், அப்படியே நிற்கும்.

சூப் செய்தால் சப்பென்று இருக்கிறது.

காயைத் தண்ணீரில் வேகவைத்து அரைத்தால் அப்படித்தான் இருக்கும், தண்ணீர்க் காயோடு இன்னும் தண்ணீர். சுட்டு எடுத்து அரையுங்கள். வெங்காயத்தைப் பொன்னிறமாக, நிஜமாகவே பொன்னிறமாக வதக்குங்கள், கண்ணாடி மாதிரி ஆனதும் போதும் என்று நிறுத்தாதீர்கள். திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், நீர்த்துப்போனதைத் திரும்பக் கெட்டியாக்குவது பெரும் பாடு. இறக்கும்போது எலுமிச்சை அல்லது ஒரு தேக்கரண்டி வினிகர். பலரும் உப்புக் குறைவு என்று நினைத்து உப்பைக் கொட்டிக்கொண்டே போவார்கள், உண்மையில் குறைவது புளிப்பாக இருக்கும். ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டு ருசி பாருங்கள், தெரிந்துவிடும்.

மேலே மொறுமொறுப்பாக ஏதாவது வேண்டும், வறுத்த விதை, பொரித்த பூண்டு, கடுகு மிளகாய்த் தாளிப்பு, எதுவானாலும். ஒரே வழவழப்பை ஒரு கிண்ணம் முழுக்க யாராலும் சாப்பிட முடியாது.

சூடான சூப்பை மிக்ஸியில் முழுக்க நிரப்பி மூடியை அழுத்திப் பிடித்து ஓட்டாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும். ஜாரில் பாதிக்கு மேல் வேண்டாம், மூடியின் நடுத் துளையைத் திறந்து துணி போர்த்தி ஓட்டுங்கள். எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரையில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி இன்னும் இருக்கிறது, ஏணி போட்டுத் துடைக்க யாரும் முன்வரவில்லை.

ஸ்பகெட்டி ஸ்க்வாஷில் இழைகள் குட்டி குட்டியாக வருகின்றன.

நீளவாக்கில் வெட்டியிருப்பீர்கள். இழைகள் காயைச் சுற்றி வளையமாக ஓடுகின்றன, நீளவாக்கில் வெட்டினால் எல்லாம் பாதியாகும். குறுக்கே வளையங்களாக வெட்டுங்கள். அது நூடுல்ஸ் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், காய் காய்தான், பூண்டு எண்ணெயோடு காயாகச் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும்.

கசந்தது. உப்பு, சர்க்கரை போட்டுச் சரிசெய்யலாமா?

கூடாது. துப்புங்கள், முழுவதையும் கொட்டுங்கள். இந்தக் குடும்பத்துக் காட்டுக் காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு இருக்கும். மெக்சிகோவின் கிலா நகிட்ஸ் குகையில் சுமார் 10,000 ஆண்டுப் பழைய பூசணி விதைகள் கிடைத்திருக்கின்றன. சதை கசப்பாக இருந்த அந்தக் காலத்தில் மனிதர்கள் விதைக்காகத்தான் இதை முதலில் வளர்த்திருப்பார்கள் என்று கருதப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்துக் கசப்பைப் போக்கியிருக்கிறோம், ஆனால் எடுத்துவைத்த விதையிலிருந்து வளர்க்கும்போது பக்கத்து அலங்காரப் பூசணிக் கொடியின் மகரந்தம் சேர்ந்திருந்தால் அது திரும்பி வந்துவிடும். வேகவைத்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். வீட்டில் விளைந்த காய் என்றால் பச்சையாக ஒரு சின்னத் துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சமையுங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

முழுக் காயை 10 முதல் 13 டிகிரி வரை, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில், ஒன்றின் மேல் ஒன்று படாமல். ஏக்கார்ன் ஒரு மாதம் சொச்சம், பட்டர்நட் 2, 3 மாதம், ஹபர்ட் மாதிரிக் கெட்டித் தோல் வகைகள் 5, 6 மாதம். காம்பு ஒடிந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள், அழுகல் அந்தக் காயத்தின் வழியாகத்தான் நுழையும். ஆப்பிள், வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அவை விடும் எத்திலீன் வாயு காயின் ஆயுளைக் குறைக்கும். வெட்டிய கீற்று ஃபிரிட்ஜில் 4, 5 நாள், விதையையும் நாரையும் வழித்தெடுத்த பிறகு வையுங்கள், கெடுவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

மசியலை ஃப்ரீசரில் வைக்கலாம். பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். புளிப்பில்லாத, கெட்டியான மசியலின் நடுப்பகுதி வரை வெப்பம் நிச்சயமாகப் போய்ச்சேரும் என்று சொல்ல முடியாது, போட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நஞ்சுக்கு அது வசதியான வீடு. வீட்டில் பூசணி மசியலை அப்படி அடைக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க வேளாண்மைத் துறையும் சொல்கிறது, அங்கே துண்டுகளை மட்டும், அதுவும் அழுத்தக் கலனில், அனுமதிக்கிறார்கள்.

டின்னில் வரும் மசியல்?

நல்லதுதான், நேரம் மிச்சம். லேபிளைப் படியுங்கள், ‘பை ஃபில்லிங்’ என்று இருந்தால் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே சேர்ந்தது. அதில் பூண்டு தாளித்த ஒரு நண்பரின் முகத்தை மறக்கவே முடியாது.

விதையை என்ன செய்ய?

நாரோடு தண்ணீரில் போட்டுக் கசக்கினால் விதை மிதக்கும், நார் கையோடு வரும். உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பிசறி 160 டிகிரியில் 20 நிமிடம். கொதிக்கவைப்பதைத் தவிர்க்காதீர்கள், உப்பு உள்ளே இறங்குவது அதில்தான், ஓடும் மெல்ல இளகும்.

வீட்டில் யாருக்கும் பூசணி பிடிக்காது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, மசித்த பூசணியை மறைக்கலாம். காரமான இறைச்சிக் குழம்பிலோ பருப்பிலோ சீஸ் சாஸிலோ அரைக் கிண்ணம் கலந்தால் கெட்டியாவது மட்டும்தான் தெரியும். ஆனால் பெரும்பாலானவர்கள் வெறுப்பது பூசணியை அல்ல, சொதசொதப்பை. ஓரம் கறுக்கச் சுட்டு, எலுமிச்சையும் மிளகாயும் தூவிப் பேசாமல் மேசையில் வைத்துப் பாருங்கள்.

மசியல் மீந்துவிட்டது, நீர்த்தும் போயிருக்கிறது.

அகலமான வாணலியில் மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியை இழுத்தால் விழும் கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, கோடு இரண்டு விநாடி அப்படியே நின்று வாணலியின் அடி தெரிந்தால் பதம். அதை மாவில் பிசைந்து ரொட்டி போடலாம், உருளைக்கிழங்கோடு சேர்த்து வடை மாதிரித் தட்டலாம், பாஸ்தாவுக்கு சாஸாக நீட்டலாம். நான் பெரும்பாலும் பூண்டு, மிளகு, ஒரு கை துருவிய சீஸ் போட்டு, அடுப்படியில் நின்றபடியே கரண்டியால் தீர்த்துவிடுவேன்.